தோத்திரம் இல்லாத கடிதங்கள்

தாம்பரம்
24-6-1967

அன்புள்ள லாசரஸ் அண்ணாவுக்கு,

நான் சுகம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, போர்டிங் சாம்பார் மட்டும் இருக்கிறது. தோல் டேனரிச் சுண்ணாம்பில் வெந்த உன் கை ஆறிவிட்டதா என்று எழுது.

செய்தி பெரியது, மெதுவாகப் படி. இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மாணவர் தலைவி உன் தங்கைதான். பதினோராம் வகுப்பில் மூன்று பேர் நின்றோம். ஒருத்தி டாக்டர் மகள், ஒருத்தி ரயில்வே ஆபீசர் மகள், மூன்றாவது பம்மல் டேனரி லைன் ஞானஜோதி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக எனக்குக் கை தூக்கிவிட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

இதுவரை உதவிப் பிள்ளை யாரும் தலைவியானதில்லையாம். மிஷன் பணத்தில் சாப்பிடுகிற எங்களுக்கு இங்கே அதுதான் பெயர். எங்களுக்குக் கடைசிப் பந்தி. மற்றவர்கள் சாப்பிட்ட தட்டுகளையும் நாங்கள்தான் கழுவ வேண்டும். நம் உபதேசியார் மகள் ஜெயசீலி கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். அவளும் என் பக்கத்தில் குந்திச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள். இனிமேல் இதை ஒரு கை பார்க்கப் போகிறேன்.

ஜூலை பதினைந்து விசிட்டிங் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் எனக்கு பேட்ஜ் குத்துகிறார்கள். வா. பம்மலுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? போன வருஷம் ஒரே ஒரு தடவை வந்தாய். அதற்குப் பிறகு வரவே இல்லை.

இதை மேட்ரனம்மா படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். ஆகையால், மேட்ரனம்மா, சாம்பார் விஷயம் வேடிக்கைக்கு எழுதியது.

உன் தங்கை
ஞானஜோதி

(ஓரத்தில்) மறந்துவிட்டேன். தோத்திரம்.

*

பம்மல்
2-7-1967, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு லாசரஸ் சொல்லும் தோத்திரம்.

தேவ கிருபையால் இந்த வாரமும் சுகமாகக் கடந்தது. கை ஆறிவிட்டது. நகம் மட்டும் இன்னும் மஞ்சள்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல மணி அடித்து, வேதபாடம் வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் செய்தியைச் சபைக்குச் சொன்னார். கிளியம்மாள் பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லை. "இன்னா சொல்றாரு? நம்ம ஜோதியா? மெய்யாலுமா?" என்று நாலு பேரைக் கேட்டு, அப்புறம் அழுதார். நானும் தூண் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஒரு குறை சொல்கிறேன். பஸ்ஸில் இடம் கிடைக்காதவனைப் போலத் தோத்திரத்தை ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறாய். முதல் வரியில் தோத்திரம், கடைசி வரியில் முழுப்பெயர் என்றுதான் அம்மா நமக்குக் கடிதம் எழுதக் காட்டியது. அம்மாவும் போய் மூன்று வருஷமாகிறது. அந்த வழக்கமாவது நம்மிடம் இருக்கட்டும்.

பதினைந்தாம் தேதி வர முடியாது. அன்றைக்கு டேனரிக்கு ஆவாரம்பட்டை லோடு இறங்குகிறது. மனசு அங்கேதான் இருக்கும்.

அண்ணன்
தே. லாசரஸ்

*

தாம்பரம்
23-7-1967

தோத்திரம்.

முதல் வரியில், நடு மத்தியில் எழுதியிருக்கிறேன். திருப்தியா?

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். லோடு என்று எழுதியிருந்தாலும் வந்துவிடுவாய் என்று நினைத்து, மத்தியானம் வரை கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் ஜெயவேலு, "இன்னாமே, உன்னாண்ட யாரும் வர்லியா? வெயில்ல நின்னுகினு கீற, உள்ள போ" என்றார். போனேன். பேட்ஜை ஹெட்மிஸ்ட்ரஸே குத்திவிட்டார். துணைத் தலைவிகளான மற்ற இரண்டு பெண்களுக்கும் வீட்டார் குத்தினார்கள்.

தட்டு விஷயம் ஜெயித்தாயிற்று. அவரவர் தட்டை அவரவர் கழுவலாமே என்று மேட்ரனம்மாவிடம் கேட்டேன். "வழக்கத்தை மாற்ற நீ யார்?" என்றார். சரி என்று, டாக்டர் மகள் திரிபுரசுந்தரியின் தட்டைப் பளபளவென்று தேய்த்து, அவள் வகுப்புக்கே கொண்டுபோய், "சுத்தமாக இருக்கிறதா பார்த்துச் சொல்" என்று நீட்டினேன். மூன்று நாள் இப்படியே ஒவ்வொருத்தியிடமும் கொண்டுபோனோம். நாலாம் நாள் அவர்களாகவே எழுந்து குழாயடிக்கு வந்துவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரே பந்தி.

ஆனால் அந்தப் பந்தியில் நாங்கள் அதிக நாள் உட்காரப் போவதில்லை. மிஷனுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் நின்றுவிட்டதாம். காலாண்டுப் பரீட்சையோடு உதவிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாது. அரிஜனப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விடுதிப் பணம் கொடுக்கிறது. அதற்குச் சர்ட்டிபிகேட்டில் மதம் இந்து என்று இருக்க வேண்டும். "ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடுகிறது என்று அரசாங்கம் நினைக்கிறது" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். நம் லைனுக்கு ஒருநாள் வந்து பார்த்தால் எது போயிற்று, எது போகவில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

ஜெயசீலியை அவள் அப்பா நேற்றே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெட்டியை அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கேட் வரை தூக்கினோம். ஜியாமெட்ரி பாக்ஸை என் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பப்ளிக் பரீட்சைக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

தே. ஞானஜோதி

*

பம்மல்
6-8-1967, ஞாயிறு

பிரியமான தங்கைக்குத் தோத்திரம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே குறைவில்லை.

ஜெயசீலியைப் பார்த்தேன். டேனரியில் ஆட்டு ரோமம் பிடுங்குகிற ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உபதேசியார் சம்பளமும் மிஷன் பணம்தான், அது பாதியாகிவிட்டது. என்னைக் கண்டதும் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். சுண்ணாம்பு தின்ன ஆரம்பித்துவிட்ட விரல்கள். "அண்ணா, ஜோதியாண்ட சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ திரும்பி வந்தால் உனக்கும் அதே ஷெட்தான். நாம் இருப்பது டேனரி கொடுத்த வீடு. வீட்டில் வயசுப் பெண் இருந்தால் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவார். அனுப்பாவிட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். ஆகையால் பெட்டியைக் கட்டாதே.

கிராம முன்சீப்பைப் பார்க்கப் போகிறேன். எதற்கு என்று கேட்காதே. நீ படி.

அண்ணன்
தே. லாசரஸ்

*

தாம்பரம்
17-9-1967

அன்புள்ள அண்ணாவுக்குத் தோத்திரம்.

உன் சுகம் தெரியாமல் என் சுகத்தை என்ன எழுதுவது? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் எனக்கு வகுப்பில் காது வேலை செய்வதில்லை.

பெட்டியைக் கட்டவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்திருக்கிறேன். காலாண்டுப் பரீட்சை இன்னும் எட்டு நாளில் முடிகிறது. சின்னப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அக்கா, நாங்களும் போகணுமா?" என்று கேட்கிறார்கள். தலைவிக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

புக் போஸ்டில் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். ஜெயசீலிக்குப் பாட நோட்டு. கார்பன் வைத்து அழுத்தி எழுதினேன். போய்விட்ட மற்றவர்களுக்கும் இப்படியே வாராவாரம் அனுப்புகிறேன். வெளியே இருந்தபடி தனியாகவும் பரீட்சை எழுதலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். பேட்ஜைக் குத்திக்கொண்டு பிரேயருக்கு மணி அடித்தால் மட்டும் போதுமா? நோட்டுக் கட்டைக் கோயிலில் ஜெயசீலி கையில் கொடுத்துவிடு.

ஒரு வரியாவது எழுது. கோபமாக இருந்தாலும் எழுது.

தே. ஞானஜோதி

*

பம்மல்
11-10-1967

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்.

உனக்கு வேண்டிய காகிதம் ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பரீட்சை முடியும்வரை உன் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு.

நோட்டுக் கட்டு வந்தது. ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தாள்.

படி.

அண்ணன்

*

தாம்பரம்
12-11-1967

அன்புள்ள அண்ணாவுக்கு ஒன்றல்ல, இரண்டு தோத்திரம்.

ஒன்று என்னுடையது. மற்றது நீ போன கடிதத்தில் எழுதாமல் விட்டது. எங்கே வைத்தாய் அதை? ஓரத்தில் எழுதினாய் என்று என்னைத் திட்டிய ஆள், ஓரத்தில்கூட எழுதவில்லை. கடைசியில் பெயரும் இல்லை. வெறும் அண்ணன். எனக்கு எத்தனை அண்ணன்கள், இவர் எந்த அண்ணன் என்று மேட்ரனம்மா கேட்டால் நான் என்ன சொல்வது?

இதைப் படித்துச் சிரிப்பாய் என்று நினைக்கிறேன். உன் காகிதத்தால் நான் இங்கே இருக்கிறேன். அது எப்படிப்பட்ட காகிதம் என்று ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டேன். "உன் அண்ணன் நல்லவர், போய்ப் படி" என்று மட்டும் சொன்னார். சின்னப் பிள்ளைகளில் நாலு பேர் போய்விட்டார்கள். அவர்களுடைய கட்டில்களை மடித்து வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் பிரேயருக்குப் போகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன். தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகும்போது நீ பெட்ரோமாக்ஸைத் தூக்கு, நான் முன்னால் பாடுகிறேன். உன் பாட்டைக் கேட்டால் பம்மல் நாய்கள் எல்லாம் பல்லாவரத்துக்கு ஓடுகின்றன.

உன் ஒரே தங்கை
தே. ஞானஜோதி

*

பம்மல்
13-12-1967

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். மழை பெய்து நின்றிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், உனக்குப் படுக்க இடமிருக்காது. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு அங்கே இருப்பதே நல்லது.

பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். தைத்துக்கொள்.

அண்ணன்

*

தாம்பரம்
19-1-1968

அண்ணா,

தோத்திரம்.

இந்தக் கடிதம் மேட்ரனம்மா கண்ணில் படாது. தினமும் வீட்டிலிருந்து வருகிற ரமா இதைத் தன் பையில் வைத்துக் கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். பதிலை அவள் முகவரிக்கு எழுது, உறையின் பின்னால் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போர்டிங்கில் நானும் சமையல்காரம்மா தையல்நாயகியும் மட்டும்தான். எனக்காகக் கேசரி கிளறினார். எண்பது பேர் உட்காருகிற கூடத்தில் இரண்டு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டுக் கழுவுவதற்கு அன்றைக்கு யாரோடும் சண்டை இல்லை. உன் கூரையை நினைத்துக்கொண்டேன். நல்ல ஓடாகப் போடுகிறாயோ என்றுகூட நினைத்தேன்.

இன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் பக்கத்தைப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். பெயர், தே. ஞானஜோதி. மதம், இந்து. பாதுகாவலர், தே. ஏழுமலை. கிளார்க் வேறு யாருடையதையோ எழுதிவிட்டார் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, பீரோவிலிருந்து உன் காகிதத்தை எடுத்துக் காட்டினார். லாசரஸ் ஆகிய நான் தங்கையோடு தாய்மதம் திரும்பி, ஏழுமலை என்று பெயர் மாற்றிக்கொண்டேன் என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. நிறுத்தி, தெளிவாக, நீ பாடம் வாசிக்கிற மாதிரி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நான் உன்னைக் கேட்டேனா? ஞாயிற்றுக்கிழமையில் நீ இப்போது எங்கே இருக்கிறாய்? மணியை யார் அடிக்கிறார்கள்? கூரையை நிஜமாகவே பிரித்தாயா?

நான் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லி, இருபத்தொன்பதாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் உண்மையை எழுது.

ஞானஜோதி

*

பம்மல்
21-1-1968, ஞாயிறு

அன்புள்ள ஜோதிக்கு,

கடிதத்தை ரமாவே நேற்றுச் சாயங்காலம் தன் அப்பாவோடு வந்து கையில் கொடுத்தாள். தபாலுக்குக் காத்திருக்க முடியாது போலிருந்தது உன் முகம் என்று சொன்னாள். நல்ல பெண்.

இப்போது காலை ஆராதனை நேரம். மணி அடித்தாயிற்று. இப்போதெல்லாம் ஜெபராஜ்தான் அடிக்கிறான், கடைசி அடியை அவசரமாக அடிக்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூரை அப்படியேதான் இருக்கிறது. நீ வந்தால் உன்னோடு கோயிலுக்கு வர நான் இருக்க மாட்டேன், அதைப் பார்க்க வேண்டாமே என்றுதான் பொய் எழுதினேன்.

ஜெயசீலியின் விரலைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உன் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஞானஜோதி எந்தப் பக்கமும் செல்லுகிற பெயர். என் பெயர்தான் செல்லவில்லை.

யாரும் என்னை விரட்டவில்லை. நானாகத்தான் போவதில்லை. உபதேசியார் ஒருநாள் வந்து பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், எழுந்து போனார். தன் பெண்ணுக்குத் தான் செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்ற வருத்தமா, செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்ற வருத்தமா, தெரியவில்லை. கிளியம்மாள் பெரியம்மா மட்டும் ஒரு தடவை, "லாசரு, இன்னாடா இப்டி பண்ட்டியே" என்றார். அப்புறம் அவரும் பேசுவதில்லை. அம்மன் கோயில் பக்கத்து ஆட்கள், "வாப்பா ஏழுமல" என்கிறார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு உறைப்பதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்.

தோத்திரம் கேட்டாய். எழுதத்தான் பார்த்தேன் ஜோதி. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கைக்கு அந்தச் சொல் வரவில்லை. பேனாவை வைத்தபடியே இருந்து, மை ஊறிப் பொட்டு விழுந்ததுதான் மிச்சம். பெயரும் அப்படித்தான். லாசரஸ் என்று எழுதினால் அரசாங்கத்துக்குப் பொய். ஏழுமலை என்று எழுதினால் உனக்குப் பொய். அண்ணன் என்பது ஒன்றுதான் பொய்யில்லாமல் இருந்தது. அதை எழுதினேன்.

இதை முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். உன் நோட்டை ஜெயசீலிக்குக் கோயில் வாசலில்தான் கொடுக்கிறேன். உள்ளே போகாமல் புங்கமரத்தடியில் நிற்பேன். ஆராதனை முடிந்து அவள் வந்து வாங்கிக்கொள்வாள். "ஜோதி எழுத்து அழகா கீது அண்ணா" என்பாள். வாரத்தில் என்னோடு பேசுகிற ஒரு ஆள் அவள்தான். அவளும் மார்ச்சில் தனியாகப் பரீட்சை எழுதப் பணம் கட்டிவிட்டாள்.

கையெழுத்துப் போடு. நீ போடாவிட்டால் நான் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்பது வீணாகிவிடும்.

அண்ணன்

*

தாம்பரம்
4-2-1968

என் அண்ணனுக்கு, தோத்திரம்.

உனக்கு எழுத வரும்வரை உன்னுடையதையும் நானே சேர்த்து எழுதுகிறேன். இதற்கு எந்த முன்சீப்பையும் கேட்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறேன். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. பிரேயரில் பாடம் வாசிக்க வேண்டாம், மணி மட்டும் அடி என்று ஒரு டீச்சர் சொன்னார். அடிக்கிறேன். கடைசி அடியை நிறுத்தி அடிக்கிறேன், நீ அடிக்கிற மாதிரி.

நீ உண்மையை எழுதிவிட்டாய். நானும் ஒன்றை எழுத வேண்டும். ஒன்றரை வருஷமாக உள்ளே வைத்திருக்கிறேன்.

நீ வந்த அந்த ஒரு நாள். டேனரியிலிருந்து நேராக வந்தாய், கையில் முறுக்குப் பொட்டலம். கேட்டில் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். திரிபுரசுந்தரி, "யாருடி இது?" என்றாள். நான் நோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாட்ச்மேனின் நோட்டில் தேதி, பெயர், யாரைப் பார்க்க, உறவு என்று நாலு கட்டம் இருக்கும், பிள்ளைகள்தான் எழுத வேண்டும். உன் பெயருக்கு நேரே உறவு என்ற கட்டத்தில் நான் 'ஊர்க்காரர்' என்று எழுதினேன். நீ எதிரே நின்றுகொண்டிருந்தாய். பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. லோடு இறங்குகிறது என்று நீ எழுதினாய், நானும் நம்புகிற மாதிரி எழுதினேன்.

நீ எல்லாப் பெயரையும் விட்டுவிட்டு அண்ணன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டாய். நான் அதைத்தான் முதலில் விட்டேன். இதை நினைத்தால் எனக்கு இந்த பேட்ஜே குத்துகிறது.

அந்த வரியைத் திருத்தலாம் என்று ஜெயவேலுவிடம் போய்க் கேட்டேன். "அது பழைய நோட்டும்மா, ஆபீஸ்ல கட்டி வெச்சிட்டாங்கோ" என்றார். இனி அதைத் திருத்த வேண்டுமானால் நீ இன்னொரு தடவை வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

பதினேழாம் தேதி சனிக்கிழமை பெற்றோர் நாள். மாணவர் தலைவி தன் வீட்டாரை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் இன்னார் என்று சொல்ல வேண்டும். டாக்டர், ஆபீசர் எல்லாரும் வருவார்கள். வா அண்ணா. புதுச்சட்டை வேண்டாம், சோப்புப் போட்டுத் தோலை உரித்துக்கொள்ளவும் வேண்டாம். அன்றைக்கு வந்த மாதிரியே வா.

தே. ஞானஜோதி

*

பம்மல்
14-2-1968

ஜோதிக்கு,

தோத்திரம்.

எழுதிவிட்டேன். கோணலாக இருக்கிறது, பார்த்துக்கொள்.

அந்த வரியை அன்றைக்கே படித்தேன். எதிர்ப்பக்கம் நின்றதால் எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. ஞாயிறுதோறும் பாடம் வாசித்தவன், எப்படி இருந்தாலும் படித்துவிடுவேன். உன் மேல் கோபமில்லை. உனக்கு மறுபடியும் அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் வரவில்லை. ஒவ்வொரு விசிட்டிங் சனிக்கிழமையும் பல்லாவரம் ஸ்டேஷன் வரை போய், தாம்பரம் ரயில் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

சனிக்கிழமை வருகிறேன். ஒரு மணிக்கு வேலை விடும், அப்படியே புறப்படுகிறேன். வாசனை வரும்.

கேட்டில் என்ன பெயர் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. ஜெயவேலு கோபிக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடு. உறவு என்ற கட்டத்தை மட்டும் எழுது. இந்தத் தடவை உன் பக்கத்தில் நின்று நேராகப் படித்துக்கொள்கிறேன்.

அண்ணன்